நிலத்தைப் பங்கிடும் முன் கடனை விசாரியுங்கள்

 

நம் பகுதியில் ஒரு குடும்பத் தலைவர் மவ்த்தாகிவிட்டால், கொஞ்ச நாளில் வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா பெயர் மாற்றம் என்று அலைச்சல் தொடங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்த பிறகு நிலத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது, அதனால் பங்கு பிரிக்கவும் அவசரம். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றதும் கடனே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பதிவான அடமானம்தான் வரும். வாப்பா வாங்கிய கைமாற்றும், எழுதிக்கொடுத்த புரோநோட்டும் வராது.

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்களில், வஸிய்யத்தும் கடனும் போகத்தான் வாரிசுகளுக்குப் பங்கு என்று அல்லாஹ் நான்கு இடங்களில் நிபந்தனை வைக்கிறான். வீடு, மனை, வயல் எதற்கும் அதில் விலக்கு இல்லை. அதற்காக மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்பதில்லை. இந்தியச் சட்டமும் அப்படித்தான். 1885-ல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஜஃப்ரி பேகம் வழக்கில், ஒவ்வொரு வாரிசும் தன் பங்கின் விகிதப்படியே கடனுக்குப் பொறுப்பு என்று நீதிபதி சையத் மஹ்மூத் தீர்ப்பு எழுதினார். கால் பங்கு நிலம் உங்களுக்கு வந்தால், கால் பங்கு கடனும் அந்த நிலத்தோடு வருகிறது.

ஸுபைர் (ரலி) அவர்களின் சொத்து விஷயம் புகாரியில் விரிவாக வருகிறது. ஹிஜ்ரி 36-ல் அவர்கள் கொல்லப்பட்டபோது ரொக்கம் எதுவும் இல்லை. நிலங்களும் வீடுகளும்தான் இருந்தன. கடனோ 22 லட்சம்! ஊதாரித்தனத்தால் வந்த கடன் அல்ல. அமானிதமாகக் கொடுக்க வந்தவர்களிடம், தொலைந்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம், கடனாகவே கொடுங்கள் என்று வாங்கி வைத்த பணம் அது.

மகன் அப்துல்லாஹ் (ரலி) அல்ஃகாபா நிலத்தை விற்றார்கள். தந்தை 1,70,000-க்கு வாங்கியது, 16 லட்சத்துக்குப் போனது. 4 லட்சம் வரவேண்டிய அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி), தள்ளுபடி செய்கிறேன் என்றார்கள். மகன் சம்மதிக்கவில்லை, அதே நிலத்தில் ஒரு பகுதியை அளந்து கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். கடன் அடைந்ததும் மற்ற பிள்ளைகள் பங்கு கேட்டார்கள். அப்போதும் உடனே பிரிக்கவில்லை. ஸுபைரிடம் கடன் கொடுத்தவர்கள் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே பங்கிட்டார்கள்.

நமக்கு ஹஜ் வரை போக வேண்டியதில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் ஒரு அறிவிப்பு, வாப்பா வேலை செய்த கம்பெனியிலும் கடைவீதியிலும் ஒரு விசாரணை போதும். மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டது, புரோநோட்டு செல்லாது என்று வக்கீல் சொல்லலாம். கோர்ட்டுக்கு அது சரி. அல்லாஹ்விடம் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. நிலத்தை விற்க மனமில்லையா? வாரிசுகள் சேர்ந்து கடனைக் கட்டிவிட்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, உம்மாவுக்கு மஹர் கொடுபட்டதா என்று கேளுங்கள். கொடுக்காமல் நின்றிருந்தால் அதுவும் வாப்பாவின் கடன்தான். உம்மாவுக்குரிய எட்டில் ஒரு பாகம் வேறு, இது வேறு.