இருட்டில் சிந்தும் கண்ணீர்

1988 ஏப்ரல் 16ஆந் திகதி யப்பானியத் திரையரங்குகளில் இரண்டு சித்திரத் திரைப்படங்கள் சோடியாகத் திரையிடப்பட்டன. ஒன்று ஹயாவோ மியசாகியின் 'என் அயலவன் டொட்டோரோ'. மற்றையது இசாவோ தகஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை'. இரண்டும் ஜிப்லி கலையகத்தின் படைப்புகள். முன்னையதில் இரு சிறுமிகள் விசித்திரமான காட்டு உயிரொன்றுடன் நட்புக் கொள்கிறார்கள். பின்னையதில் ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியால் இறந்து போகிறார்கள். டொட்டோரோவைக் காட்டவென்று பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர், அதே இருக்கையில் அவர்களை இந்த மரணங்களுக்கும் சாட்சிகளாக்க நேர்ந்தது.

வீட்டிலிருந்து படம் பார்ப்பவர் தாங்க முடியாத கட்டத்தில் அதை நிறுத்திவிடலாம். அரங்கின் இருட்டில் அந்த வசதி இல்லை. அழுகை அங்கே ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. பின்னர் விளக்கு எரிகிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்புகிறோம். அழுததால் மனம் சற்று இலேசாகியும் இருக்கும். அந்த இலேசுதான் எனக்குள் கேள்வியை எழுப்புகிறது. எதையோ செலுத்தி முடித்தவர்களைப் போல நாம் வெளியேறுகிறோமே, உண்மையில் எதைச் செலுத்தினோம்?

கதை எளியது. 1945இல் கோபே நகர்மீது அமெரிக்க விமானங்கள் எரிகுண்டுகளைப் பொழிகின்றன. பதினான்கு வயதுச் செய்தாவும் நான்கு வயதுச் செட்சுகோவும் தாயை இழக்கிறார்கள். தந்தை கடற்படையில். உறவுக்காரப் பெண்ணொருத்தி இருவருக்கும் தன் வீட்டில் இடம் தருகிறாள். இறந்த தாயின் கிமோனோக்கள் அரிசியாக மாறுகின்றன. நாட்செல்ல அவள் சோற்றைக் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறாள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு, இவர்களுக்குக் கஞ்சி. ஏச்சும் குத்தலும் வளர்கின்றன. தன்மானம் மிக்க செய்தா தங்கையைக் கூட்டிக்கொண்டு குளக்கரைக் குகையொன்றில் குடியேறுகிறான். அங்கே அவர்களுக்கு மின்மினிகளின் ஒளி கிடைக்கிறது; உணவு கிடைக்கவில்லை.

பார்ப்பவர் எல்லோரும் அந்தப் பெண்ணை வெறுத்துச் செய்தாவின் பக்கம் நின்று அழுகிறார்கள். அவள் அப்படி என்ன பெரும்பாவம் செய்துவிட்டாள்? கொலை செய்யவில்லை. வீட்டைவிட்டுத் துரத்தவுமில்லை. பஞ்சகாலத்தில் தன் பிள்ளைக்கு ஓர் அகப்பை கூடுதலாகவும் பிறர் பிள்ளைக்கு ஓர் அகப்பை குறைவாகவும் அள்ளினாள், அவ்வளவுதான். அந்த அளவு அநியாயத்தை எம்மில் யார் செய்யாமல் இருக்கிறோம்? தகஹாத்தா ஒன்பது வயதில் ஒகயாமா நகரின் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். தன் படத்தை வெறும் போரெதிர்ப்புப் படமாகக் கொள்வதை அவர் ஏற்கவில்லை. காலம் மாறினால் அந்தப் பெண்ணைவிடக் கடுமையாகச் செய்தாவைக் குற்றஞ்சாட்டுகிறவர்களாக நாமே மாறிவிடுவோமோ என்று படம் வெளிவந்த காலத்திலேயே அவர் ஐயுற்றார்.

இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான ஒரு மரணம் இருக்கிறது. மூலக்கதையை அகியுகி நொசாக்கா 1967இல் எழுதினார். யப்பானின் நவோகி பரிசும் அதற்குக் கிடைத்தது. கோபே எரிந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அவருடன் வளர்ந்த தத்துத் தங்கை அந்த ஆகஸ்ட்டில், போர் ஓய்ந்த சில நாட்களில், போசாக்கின்றி இறந்தாள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. கதையிலுள்ள அண்ணனைப் போலத் தான் அன்பாக இருக்கவில்லை என்பதை நொசாக்கா பின்னர் மறைக்கவில்லை. தங்கைக்குரிய உணவைத் தானே தின்றதையும், அழுத குழந்தையை அடித்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். தான் இருந்திருக்க வேண்டிய அண்ணனைக் கதையில் படைத்தார். கதையில் அந்த அண்ணன் இறந்துவிடுகிறான். எழுதியவரோ 2015 வரை வாழ்ந்தார்.

இது பொய்யா, தவ்பாவா? எமது மார்க்கம் மனிதருக்கு மனிதர் இழைக்கும் அநியாயத்தை 'ஹக்குல் இபாத்' என்று வேறுபடுத்தி வைத்திருக்கிறது. அந்தக் கடனை அநியாயத்துக்கு ஆளானவரிடம் தீர்க்க வேண்டும். அல்லது அவர் மன்னிக்க வேண்டும். மன்னிக்க வேண்டியவள் பேசவும் பழகாத குழந்தையாக மண்ணுக்குள் போய்விட்டால் என்ன செய்வது? எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தக் கவளத்தைத் திருப்பி ஊட்ட முடியாது. நொசாக்காவின் நேர்மை நல்ல கதையை எழுதியதோடு நிற்கவில்லை. 'அந்த நல்லவன் நானல்ல' என்று சொன்னாரே, அங்கேதான் அது முழுமை பெறுகிறது. கதையை மாத்திரம் தந்துவிட்டு அவர் மௌனமாக இருந்திருந்தால், உலகத்தின் கண்ணீர் முழுவதையும் தகுதியின்றித் தனதாக்கிக்கொண்டிருப்பார்.

எழுதுகிற எமக்கு இதில் பாடமுண்டு. எமது துயரக் கதைகளில் நாம் யாராக வருகிறோம்? எப்போதும் பசித்தவராக, விரட்டப்பட்டவராக. அகப்பையைப் பிடித்திருந்த கை எமதாக இருந்த நாட்களை எழுதுகிறோமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் வகைகளை விபரிக்கும்போது, உபதேச சபைகளில் அமர்ந்து அழுவதே போதுமென்று எண்ணுகிறவர்களைக் குறிப்பிடுகிறார்கள். வைத்தியர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு மருந்துண்ணாமல் திரும்பும் நோயாளிக்கும், சுவையான உணவுகளின் வர்ணனையைக் கேட்டுவிட்டுப் போகும் பசித்தவனுக்கும் அவர்களை ஒப்பிடுகிறார்கள். கேட்டதனால் பசி தீராது. அழுததனால் கடமை தீராது. திரையரங்கும் அத்தகையதொரு சபைதான்.

அதற்காகக் கண்ணீர் வீணென்று நான் சொல்ல வரவில்லை. கோடுகளாலும் வர்ணத்தாலும் ஆன ஒரு பிள்ளைக்காக இளகும் உள்ளம் இன்னும் இறந்துபோகவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் அத்தாட்சி வேறு, செயல் வேறு.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. சன்னோமியா புகையிரத நிலையத்தில் செய்தா தூணில் சாய்ந்தபடி இறந்துகொண்டிருக்கிறான். அமெரிக்கர் வரும் வேளையில் இது வெட்கக்கேடு என்று முணுமுணுத்துக்கொண்டு சனங்கள் கடந்து போகிறார்கள். அவனருகே யாரோ ஒருவர் குனிந்து ஒரு சோற்றுருண்டையை வைத்துவிட்டுச் செல்கிறார். அது பிந்திப்போன சோறு, அவனைக் காப்பாற்றவில்லை. வைத்தவர் நின்று அழவும் இல்லை. படம் முழுவதும் அழுத நாம் செய்யாத ஒன்றை அந்தக் கை செய்துவிட்டுப் போகிறது.

விளக்கு எரிந்து அரங்கை விட்டு வெளியே வரும்போது, வழியில் எமக்கும் ஒரு தூண் இருக்கத்தான் செய்யும்.