இரண்டாவது டிகாக்ஷன்

காலையில் எழுந்ததும் உங்கள் கைக்கு ஒரு டம்ளர் காபி வருகிறதே, அது முதல் டிகாக்ஷனா, இரண்டாவதா?

'இதென்ன கேள்வி? காபி காபிதானே!' என்று நீங்கள் சொன்னால், இதுவரை உங்களுக்கு முதல் டிகாக்ஷன்தான் கிடைத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதைக் குடிப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எனக்கு இது உறைப்பதற்கு நாற்பத்தேழு வயதும் நாலாயிரம் அடி உயரமும் தேவைப்பட்டது.

திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழநி மலையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஒன்றாக பி.காம். படித்த ஆறு பேர். ஒருவனுடைய மாமனாருக்கு அங்கே நாலு ஏக்கர் காபித் தோட்டம். கரன்ட் கிடையாது. மின்கம்பங்கள் கீழே ஊரோடு நின்றுவிட்டன. 'அதான்டா அழகு' என்று ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்துப் பேசியவர்கள், விடிகாலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காபி?

ஆறு பேருமே காபி குடிப்பதில் நீண்டகால அனுபவசாலிகள். போடுவதில் ஒருவருக்கும் அனுபவம் கிடையாது. 'பத்திரிகைக்காரன்தானே, எல்லாம் தெரியும்னு எழுதறே, நீயே போடு' என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் ஃபில்டருக்கு கரன்ட்டே வேண்டாம். மேலே ஒரு பாத்திரம், கீழே ஒரு பாத்திரம், நடுவில் பொடிப்பொடியாகத் துளை. புவியீர்ப்பு விசையில் ஓடும் மெஷின். அது எந்த மலையிலும் வேலை செய்யும். பழக்கம் கெட்டுப்போனது நமக்குத்தான். இண்டக்ஷன் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுகிறோம்.

சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டலாம் என்றான் ஒருவன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், 'வேணாம் சார், சருகு கிடக்கு' என்று ஒரே வரியில் தடுத்துவிட்டார். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில், மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, கையடக்கமான கேஸ் அடுப்பை எடுத்தோம். ராத்திரிக் குளிரில் கிடந்த கேஸ் டப்பா சரியாக எரியவில்லை. குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். போர்வையில் சுற்றி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தோம். காற்று வரும் பக்கம் மட்டும் இரண்டு கல்லை அண்டைக் கொடுத்தோம். தண்ணீர் கொதித்தது. அந்த உயரத்தில் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபிக்கு அது போதும்.

டிகாக்ஷன் இறங்க இருபது நிமிஷம். சும்மா உட்கார்ந்திருந்தபோது காமர்ஸ் புத்தி கணக்குப் போட்டது. ஆறு பேருக்கு அறுபது கிராம் பொடி. அதில் இருபது சதவிகிதம் சிக்கரி என்றால், காபி மட்டும் 48 கிராம். ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது குறையும் எடையையும் சேர்த்தால், எங்கள் ஃபில்டருக்குள் இருந்தது சுமார் இருநூறு பழம். அத்தனையும் விரலால் ஒவ்வொன்றாகப் பறித்தது. எங்களைச் சுற்றி நின்ற செடிகளில் பறிப்பு முடியும் நேரம் அது. பறிக்க வரும் பெண்கள் ஏழு மணிக்கு வருவார்கள் என்று பெரியவர் சொன்னார்.

தண்ணீர் கொண்டுவந்ததும் அவர்தான். கீழே ஊற்றுக்குப் போய், ஒரு குடம் தோளிலும் ஒரு குடம் கையிலுமாக ஏறி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும்.

டிகாக்ஷன் இறங்கியது. அட்டை டப்பாப் பாலைக் காய்ச்சி, ஆறு எவர்சில்வர் டம்ளரில் கலந்து ஆறு பேருக்கும் கொடுத்தேன். 'பிரமாதம்டா!' என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஃபில்டரில் மறுபடி வெந்நீர் ஊற்றி, இறங்கிய இரண்டாவது டிகாக்ஷனில் மிச்சப் பாலைச் சேர்த்து, பையிலிருந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக் குடித்தார். 'நல்லா இருக்கு சார்' என்றார்.

நல்லா இல்லை என்பது எனக்குத் தெரியும். கப்பின் நிறமே சொல்லியது.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிருபராக இருந்த காலத்தில், டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையைக் கண்டித்து நானே எழுதியிருக்கிறேன். கடைக்காரரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டிருக்கிறேன். அதே நான், யாரும் சொல்லாமலே, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், ஆறு பேருக்கு எவர்சில்வர், ஒருவருக்குக் காகிதம் என்று பிரித்துவிட்டேன். டம்ளர் ஆறுதான் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் ஏழாவது ஆள் யார் என்று என் கைக்கு எப்படித் தெரிந்தது?

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவன் ஆடிட்டர். 'நீ ஓவரா யோசிக்கறே. அவருக்கு நாளுக்கு அறுநூறு ரூபா கொடுக்கறோம். காபி அதுல சேர்த்தி கிடையாது. கொடுத்ததே பெரிசு' என்றான்.

கணக்கு சரி. தண்ணீர் சுமந்ததற்குக் கூலி இருக்கிறது. முதல் டிகாக்ஷன் யாருக்கு என்பதற்குத்தான் எந்த ரசீதும் கிடையாது. அது கூலியில் வராது, சட்டத்தில் வராது. கொடுப்பவரின் மனசில் யார் முதல், யார் கடைசி என்று ஒரு வரிசை இருக்கிறதே, அது அப்படியே டம்ளரில் வந்து விழுகிறது.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், 1971-ல் வெளிவந்த நீதி பற்றிய தன் புத்தகத்தில் ஓர் எளிய உதாரணம் சொல்கிறார். ஒரு கேக்கைச் சமமாகப் பங்கிட வேண்டுமா? வெட்டுகிறவரே கடைசித் துண்டை எடுக்க வேண்டும் என்று வைத்துவிடுங்கள். தனக்குக் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் சமமாக வெட்டுவார். சபாஷ், பிரச்னை தீர்ந்தது!

நானும் இதைப் படித்தபோது சபாஷ் போட்டவன்தான். அந்தப் பேப்பர் கப்பைப் பார்த்த பிறகு, இந்த விதி எங்கள் வீட்டில் செல்லாது என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். காபியைக் கலப்பதும் அம்மா, கடைசி டம்ளரை எடுப்பதும் அம்மா. ரால்ஸ் சொன்னபடி பார்த்தால் பங்கு சமமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் விருந்தாளிகளுக்கும் முதல் டிகாக்ஷன். பிள்ளைகள் எங்களுக்கும் அதில்தான். அம்மாவுக்கும் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கும் இரண்டாவது. வெட்டுகிறவர் தன் பங்கைப் பற்றிக் கவலைப்படுவார் என்று ரால்ஸ் எடுத்துக்கொண்டார். தன் பங்கு கணக்கிலேயே வராது என்று பழகிவிட்ட ஒருவர் கத்தியைப் பிடித்தால்?

அப்போது நியாயம் வாங்குகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. டம்ளரை வாங்கிக்கொண்டு பேப்பரைப் பிரிக்கிறோமே, அதற்கு முன்னால் கடைசி டம்ளரின் நிறத்தை ஒரு தரம் பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. நாற்பது வருஷமாக நான் பார்க்கவில்லை. நீங்கள்?

'ஒரு காபிக்கா இத்தனை தத்துவம்?' என்று கேட்கலாம். பெரிய விஷயங்களில் நாம் எல்லோரும் நல்லவர்கள்தான். அங்கே யோசித்துத்தான் பேசுகிறோம், நாலு பேர் பார்க்கிறார்கள். காபி கலக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. அதனால்தான் அதில் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

மறுநாள் காலை ஒரு காரியம் செய்தேன். முதல் டிகாக்ஷன், இரண்டாவது இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்தேன். ஏழு பேருக்கும் அதிலிருந்தே ஊற்றினேன். பெரியவருக்கு எவர்சில்வர், பேப்பர் கப் எனக்கு.

'என்னடா, இன்னிக்குத் தண்ணியா இருக்கு?' என்றான் ஆடிட்டர்.

பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். 'இன்னிக்குக் கொஞ்சம் திக்கா இருக்கு சார்' என்றார்.

ஒரே காபிதான். நேற்று அவர் குடித்தது எப்படி இருந்தது என்பதை அப்போதுதான் சொன்னார்.

ஊர் திரும்பியதும் அம்மாவுக்கு போன் செய்தேன். எழுபத்து நாலு வயது. தம்பி வீட்டில் இருக்கிறார். இப்போதும் காலைக் காபி அவர் கையால்தான்.

'அம்மா, உனக்கு முதல் டிகாக்ஷன் பிடிக்குமா, ரெண்டாவதா?'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?' என்றார்.

'சும்மா சொல்லும்மா.'

'யாருடா இதெல்லாம் கேட்டா? ரெண்டாவதுதான் பழகிப் போச்சு.'

பழகிப் போச்சு என்றாரே தவிர, பிடிக்கும் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த மாதம் அங்கே போகிறேன். காபி நான் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். 'ஃபில்டரைக் கவுத்துடாதே' என்றிருக்கிறார்.