ஆறு அரசாங்கத்தோடது, பாதை தோட்டத்தோடது

பீடோரில் யாரிடமாவது ஆற்றுக்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பாருங்கள். இடது, வலது என்று வழி சொல்ல மாட்டார்கள். "எந்தத் தோட்டத்துல ஒனக்கு ஆளு தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆறு பேராக் மாநிலத்துக்குச் சொந்தம். கிழக்கே தெரியும் மலைக்காடு அரசாங்க வனக் காப்பகம். டவுனில் இருந்து போனால் பல இடங்களில் நடுவே செம்பனைத் தோட்டம் குறுக்கிடுகிறது. தோட்டத்துக்கு ஒரு கேட். கேட்டில் ஒரு காவலாளி, பெரும்பாலும் நேப்பாளத்தில் இருந்து வந்தவர். "பெர்கி மானா?" என்று மலாயில் கேட்பார். நான்கு தலைமுறை இங்கே பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பையன், மூன்று வருட பெர்மிட்டில் வந்த மனிதரிடம் ஐசியைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் வேலை அது. கேள்வி வேறு. பொதுச் சொத்துக்குப் போகிற ஒரே வழி தனியாருடையது என்றால், அந்தப் பொதுச் சொத்து உண்மையில் யாருடையது?

இதை நான் வேட்டையில் இருந்து யோசிக்கத் தொடங்கினேன். தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாம் எழுதுகிற கதைகளில் லயம் வரும், கங்காணி வருவார், கள்ளுக்கடை வரும். வேட்டை அதிகம் வருவதில்லை. எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். பெரியப்பாவும் கூட்டாளிகளும் நாய்களோடு போவார்கள். கையில் ஈட்டி. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த தவுக்கே யாராவது கூட வந்தால் வேலை சுலபம். காட்டுப்பன்றி விழுந்தால் பங்கு பிரிப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. போனவர்களுக்குச் சமபங்கு, நாய் கொண்டுவந்தவருக்கு ஒரு பங்கு கூடுதல், லயத்தில் பிள்ளை பெற்றவள் இருந்தால் அவளுக்கு ஈரல். மாதச் சம்பளத்தில் கறி வாங்கித் தின்ன முடியாத வீடுகளுக்கு அதுதான் கறி.

காட்டுப்பன்றி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாட பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் லைசென்ஸ் வேண்டும். கம்பிச் சுருக்கு வைப்பது கடும் குற்றம். இதெல்லாம் சரியான சட்டங்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெரியப்பாவின் வேட்டையைத் தீர்மானித்தது லைசென்ஸ் அல்ல, மேனேஜரின் மனநிலை. பழைய மரங்களைச் சாய்த்து செம்பனைக் கன்று நட்ட வருடங்களில் பன்றிகள் வந்து குருத்தைத் தோண்டித் தின்னும். அப்போது மேனேஜரே ஆள் அனுப்பி, "நாயைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்பார். கேட் திறந்தே இருக்கும். மரங்கள் வளர்ந்து குலை தள்ளத் தொடங்கியதும் அதே ஆட்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். பன்றி அதே பன்றி, பாதையும் அதேதான். தோட்டத்துக்கு அவர்களால் ஆகவேண்டிய காரியம் முடிந்துவிட்டது, அவ்வளவே.

அனுமதி என்பதன் குணமே இதுதான். கொடுத்தவர் எந்தக் காரணமும் சொல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதைப் பெற்றவர் தொடர்ந்து நல்லபிள்ளையாக இருந்தாக வேண்டும். கிராணியோடு சண்டை போட்டவன், யூனியனில் அதிகம் பேசியவன் ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வந்து நிற்கும்போது அதற்கான பதில் கிடைக்கும். காட்டுக்கும் ஆற்றுக்கும் போகும் வழி ஒருவர் கையில் இருந்தால், வழி சம்பந்தமே இல்லாத விஷயங்களிலும் நம் வாய் மூடிவிடுகிறது.

இது புதிய பிரச்சினை இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால், சம்பளத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இருக்கின்றன. உறவினர்களும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சைக்கிளில் இருந்து இறங்குவதும் கேட்டில் காத்திருப்பதும் சின்ன விஷயம் என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை. நாம்தான் பழகிவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். தமிழ்நாட்டில் ஒருவர் தனியார் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமை என்ற நினைப்போடு நடந்திருந்தால், அந்த வழி அவருக்கு உரிமையாகிவிடும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மலேசியாவில் அது கிடையாது. நம்முடைய 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், நீண்டகாலப் பயன்பாட்டால் எந்த வழியுரிமையும் உருவாகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. இது ஆஸ்திரேலியாவில் தோன்றிய டாரன்ஸ் முறையின் தர்க்கம். நிலத்தை வாங்குகிறவர் பதிவேட்டைப் பார்த்தால் போதும், மண்ணில் உள்ள காலடித் தடத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வியாபாரத்துக்கு இது வசதி. தோட்டம் கைமாறிக்கொண்டே இருக்கும் நாட்டில், வாங்குகிறவருக்குத் தெளிவு வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் இதன் விலையை யார் கொடுத்தார்கள்? கப்பலில் வந்து, காட்டை அழித்து, மரத்தை நட்டு, அந்தத் தடத்தை மிதித்து மிதித்துப் பாதையாக்கியவர்கள் பதிவேட்டில் எங்கேயும் இல்லை. 20 ஆண்டு அல்ல, 100 ஆண்டு நடந்திருந்தாலும் அவர்கள் முதல் நாள் வந்த அந்நியர்தான்.

அதே சட்டத்துக்குள் ஒரு சின்னக் கதவும் இருக்கிறது. கடற்கரை, ஆறு, ரயில் நிலையம், பொதுச்சாலை ஆகியவற்றை அது பொது முனையம் என்ற பொருளில் குறிப்பிடுகிறது. அத்தகைய இரண்டு முனையங்களுக்கிடையே தனியார் நிலத்தின் வழியாகப் பொதுவழி ஒன்றை உருவாக்க நில நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. ஆறு அந்தப் பட்டியலில் இருக்கிறது, கவனியுங்கள். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்று கேட்பது, சட்டத்தின் பார்வையில் பிச்சை அல்ல.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இதைவிட விநோதமான நிலைமை இருக்கிறது. 1862-இல் ரயில் பாதை போடுவதற்காக அந்நாட்டு அரசு, பாதையின் இருபுறமும் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றை ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டங்கள் தனியாருக்கு, வெள்ளைக் கட்டங்கள் பொதுமக்களுக்கு. வெள்ளையில் இருந்து இன்னொரு வெள்ளைக்கு மூலையில் மட்டுமே போக முடியும். 2021-இல் வயோமிங் மாநிலத்தில் நான்கு வேட்டைக்காரர்கள் அப்படி ஒரு மூலையில் ஏணியை வைத்து, பண்ணை முதலாளியின் மண்ணில் கால் படாமல் பொதுநிலத்தில் இருந்து பொதுநிலத்துக்கு இறங்கினார்கள். தன் நிலத்துக்கு மேலுள்ள காற்றைக் கடந்ததும் அத்துமீறல் என்றார் முதலாளி. பல மில்லியன் டாலர் நஷ்டம் என்று வழக்குப் போட்டார். அந்த நஷ்டக் கணக்கில்தான் உண்மை வெளியே வந்தது. பொதுநிலத்துக்கு யாரும் வர முடியாது என்பதுதான் அவர் பண்ணையின் விலையில் ஒரு பகுதி. மக்களுடைய நிலம் அவருடைய கணக்கில் ஏறியிருந்தது. 2022-இல் ஜூரி வேட்டைக்காரர்களை விடுவித்தது. 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பொதுநிலத்தை வேலிக்குள் அடைப்பதைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவர்கள் பக்கம் நின்றது.

இதைப் படித்துவிட்டு, கேட்டையெல்லாம் உடைத்துவிட வேண்டியதுதான் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தோட்டத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. செம்பனைக் குலைத் திருட்டு கற்பனை அல்ல, லாரி வைத்தே திருடுகிறார்கள். காய்ந்த காலத்தில் எறிந்த ஒரு சிகரெட் போதும். குலை வெட்டும் தொழிலாளர்கள் மரங்களுக்கு நடுவே நிற்கும்போது துப்பாக்கியோடு யாரோ உலாவினால் அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு?

இதைவிடப் பெரிய தயக்கம் காட்டைப் பற்றியது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே மிச்சம். கம்பிச் சுருக்கு அவற்றுக்கு எமன். பன்றிக்கு வைத்த சுருக்கில் புலியும் மாட்டும். ஒரு பாதை திறந்தால் அதில் என் பெரியப்பா மட்டும் போகப்போவதில்லை. ஃபோர்வீல் வண்டியோடும் சுருக்குக் கம்பிக் கட்டோடும் வருகிறவனும் போவான். பசிக்கு ஒரு பன்றி பிடிப்பவனுக்கும் சந்தைக்குப் பத்துப் பிடிப்பவனுக்கும் பாதை ஒன்றுதான்.

அப்படியென்றால் கேட் இருப்பதே நல்லதா? இங்கேதான் நாம் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம் என்று படுகிறது. ஓர் இடத்துக்குப் போவது ஒன்று, அங்கிருந்து எதையாவது எடுப்பது வேறொன்று. எடுப்பதற்கு வரம்பு வேண்டும். எத்தனை, எந்தக் காலத்தில், எந்தக் கருவியால் என்பதைப் பொதுச் சட்டம் தீர்மானிக்க வேண்டும், மீறினால் வனவிலங்குத் துறை பிடிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்முன் மேனேஜரின் நண்பரும் நானும் ஒன்று. ஆனால் தோட்டத்து கேட் யார் என்ன செய்தான் என்று கேட்பதில்லை, யாருக்கு வேண்டியவன் என்று கேட்கிறது. மேனேஜருக்குத் தெரிந்த முதலாளி வார இறுதியில் துப்பாக்கியோடு உள்ளே போகிறார். தூண்டிலோடு வந்தவன் திரும்பிப் போகிறான். இதில் புலி எங்கே காப்பாற்றப்படுகிறது? திருட்டுக்குத் திருட்டுச் சட்டம் இருக்கிறது. தூண்டில்காரனை நிறுத்துவது அதற்குப் பதிலாகாது.

இன்னொரு கணக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. பீடோரைச் சுற்றி செமாய் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. தோட்டம் வருவதற்குமுன் இங்கே வேட்டையாடியவர்கள் அவர்கள். எங்கள் தாத்தாக்கள் மிதித்த பாதை, அவர்களுடைய காட்டை வெட்டிய இடத்தில் உண்டானது. வனவிலங்குச் சட்டம் அவர்களுக்குக் காட்டுப்பன்றி, சருகுமான் போன்ற சிலவற்றைச் சொந்த உணவுக்காக வேட்டையாட விலக்கு தருகிறது. 1997-இல் அடோங் பின் குவாவ் வழக்கில் ஜோகூர் உயர்நீதிமன்றம் இதையும் தாண்டிப் போனது. லிங்கியூ அணைக்காகக் காட்டை இழந்த ஜக்கூன் மக்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. அவர்கள் கையில் நிலப்பட்டா இல்லை. அந்தக் காட்டில் காலங்காலமாக நடமாடி, தேடி உண்டு வாழ்ந்தார்கள் என்பதே உரிமைக்கு ஆதாரம் ஆனது. பதிவேட்டுக்கு வெளியே காலடித் தடத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை இந்த நாட்டு நீதிமன்றமே ஏற்ற தருணம் அது.

நாம் அந்த உரிமையைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. நாம் பூர்வகுடி அல்ல. நில உரிமையாளரும் அல்ல. "அப்ப வாங்கிக்க வேண்டியதுதானே" என்பார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த எண்ணத்தில்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது பெரிய காரியம். ஆனால் வழியைப் பெற நிலத்தையே வாங்க வேண்டும் என்றால், நிலம் வாங்க முடியாதவனுக்கு ஆறு இல்லை, காடு இல்லை. வாங்கியவன் நாளை இன்னொருவனுக்கு கேட் போடுவான், அவன் தமிழனாகவே இருந்தாலும்.

ஆகவே நான் கேட்பது நிலத்தை அல்ல, பன்றியையும் அல்ல. சாலையில் இருந்து ஆற்றுக்கு ஓர் ஆள் நடக்கிற அகலத்தில், நில அலுவலகத்தின் வரைபடத்தில் ஏறிய ஒரு கோடு. துப்பாக்கிக்கும் வண்டிக்கும் அதில் இடம் வேண்டாம். செமாய் கிழவரும் நேப்பாளிக் காவலாளியும் நானும், யாருக்கு வேண்டியவர் என்று யாரும் கேட்காமல் நடக்கலாம். எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் கடைசி எல்லையில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு முனியாண்டி கோவில் இருக்கிறது. லயம் இடிக்கப்பட்டு எல்லாரும் டவுன் பக்கம் மலிவு விலை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன்னால் கோவில் கமிட்டி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதுகிறது. இதுவரை ஒரு வருடமும் மறுத்ததில்லை, மேனேஜர் நல்லவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். நான் சொல்வது, அடுத்த வருடக் கடிதம் மேனேஜருக்குப் பதிலாக பத்தாங் பாடாங் மாவட்ட நில அலுவலகத்துக்குப் போகட்டும் என்பதுதான்.