மேலாடை காத்தவன்

வெட்டிக் குவித்த பழுப்பு நிலக்கரி எவர் கையும் படாமலே தீப்பற்றும் என்பதை நெய்வேலிவாசிகளுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோடை உச்சியில் குவியலின் விலாப்புறத்தில் நூலிழைபோல வெண்புகை கிளம்புவதையும், நீர் பீய்ச்சும் வண்டி அதை நோக்கி அவசரமாகத் திரும்புவதையும் கண்டு பழகியவர்கள் அவர்கள். அதனால்தானோ என்னவோ, எங்கேனும் ஒரு ஜனக்கும்பல் ஒரு மனிதனைக் கொன்றதென்று செய்தி வந்தால், எங்கள் வட்டத்துத் தேநீர்க்கடையில், "கூட்டம் பண்ணிடுச்சு, அதுக்கு யாரைப் போய்ச் சொல்றது?" என்ற வார்த்தை சுலபமாகப் பிறந்துவிடுகிறது. ஆனால் நிலக்கரியுங்கூட வெறுமனே பற்றிக்கொள்வதில்லை. காற்றுப் புகாதபடி அழுத்தி வைக்காமல், நாட்கணக்கில் கேட்பாரற்றுக் குவித்துப் போட்டவர் ஒருவர் இருந்தே தீர்வார்.

அரசன் செய்யும் அநீதிக்கு முகவரி உண்டு. போர்ச்சுகல் தேசத்துப் பிரபு குலத்தில் பிறந்து, காவி உடுத்து, புலால் துறந்து, அருளானந்தர் என்னும் பெயரோடு மறவர் சீமையில் வேதம் போதித்த ஜான் தெ பிரிட்டோ, 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய போதனையை ஏற்ற மறவர் தலைவர் தடியத்தேவர், ஒரு மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்க, விலக்கப்பட்டவர்களுள் அச்சீமை மன்னர் சேதுபதியின் உறவினளான கடலை என்னும் பெண்ணும் இருந்தமையால் முறையீடு அரண்மனைக்குப் போயிற்று. (அப்பெண்ணின் மனத்தாங்கலை ஒரு பொருட்டாக மதிக்காமல் எழுதிச் செல்லும் சரிதக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை.) எனினும் அங்கே ஆணை கிழவன் சேதுபதியுடையது என்று தெரியும், அது நிறைவேறிய மண்ணும் தெரியும், அந்தச் செம்மணலை இன்றும் யாத்திரிகர்கள் அள்ளிச் செல்கிறார்கள்.

கும்பலின் கதை வேறு. 1999 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே தொண்டு செய்துவந்த கிரகாம் ஸ்டெயின்ஸும், 10 வயதும் 6 வயதுமான அவருடைய இரு புதல்வரும் உறங்கிக்கொண்டிருந்த வண்டிக்கு அடியில் வைக்கோலைத் திணித்துத் தீயிட்டது ஒரு கூட்டம். விசாரணை நீதிமன்றம் 2003-இல் 13 பேரைக் குற்றவாளிகளென்றது. 2005-இல் உயர்நீதிமன்றம் அவர்களுள் 11 பேரை விடுவித்தது. தாரா சிங் உள்ளிட்ட இருவரின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. சாட்சியம் போதாவிடத்து விடுவிப்பதே தர்மம். அதில் பிழை காண்பது என் நோக்கமன்று. நீதிமன்றம் கையைத்தான் தேடும். வைக்கோல் சுமக்காமலும் தீக்குச்சி கிழிக்காமலும் கூட்டத்துக்குக் கனம் கூட்டி நின்றவர்களின் வினை எந்தக் கணக்கில் ஏறும்? நூறு பேர் கூடிச் செய்த பாவம் நூறாகப் பகுபடுமா, அன்றி ஒவ்வொருவர் தலையிலும் முழுமையாய் விழுமா?

பகுபடாது என்றே எண்ணுகிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி பவுல். எருசலேமில் கிறிஸ்துவை அறிவித்த ஸ்தேவான் கல்லெறியுண்டு மடிந்த தினத்தில், கை வீசி எறியத் தடையாயிருந்த மேலாடைகளைக் கழற்றிச் சவுல் என்ற இளைஞனின் காலடியில் வைத்தார்களென்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அவன் ஒரு கல்லையேனும் தொட்டதாக ஏட்டில் இல்லை. துணி களவுபோகாமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவே. அவனே பின்னாளில் பவுலாகி, தேசதேசமாய்ப் பிரசங்கித்து, லீஸ்திராவில் தம்மைத் தேவனென்று கொண்டு மாலையோடும் எருதோடும் வந்த ஜனமே பிறகு கல்லெறிந்து ஊருக்கு வெளியே இழுத்துப்போட்டதையும் அனுபவித்து, மீண்டும் எருசலேம் வந்தபோது, ஒரு கும்பல் அவரை ஆலயத்திலிருந்து இழுத்து அடித்துக் கொல்ல முற்பட்டது. ரோமப் படைவீரர் மீட்டுக் கோட்டைப் படிக்கட்டில் ஏற்ற, அங்கே நின்று அக்கும்பலை நோக்கியே பேசிய பவுல், ஸ்தேவானின் இரத்தம் சிந்தியபோது தாமும் உடன்பட்டு நின்று, கொன்றவர்களின் ஆடைகளைக் காத்ததை மறைக்காமல் சொன்னார். அதுவரை செவிசாய்த்த கூட்டம், புறஜாதியாரிடம் தாம் அனுப்பப்பட்டதாக அவர் சொன்ன மாத்திரத்தில் கூச்சலிட்டு, மேலாடைகளைக் கழற்றி எறிந்து, புழுதியை வாரி வானத்தில் இறைத்தது.