எதிர்க்காற்று

பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தின் பாதையில் மலை கிடையாது. வடக்கு பிரான்சின் வயல்களுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் நிலம். தடை என்று சொன்னால் இரண்டு: உடம்பை உலுக்கியெடுக்கும் பழைய கல் பாவிய சாலைகள், பிறகு காற்று. கல்லைத் தொலைக்காட்சி காட்டிவிடும். காற்றைக் காட்ட முடியாது.

சமதளத்தில் வேகமாக மிதிப்பவரின் பலம் பெரும்பாலும் காற்றைத் தள்ளவே செலவாகிறது. அவர் முதுகை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு அந்தச் செலவு வெகுவாகக் குறையும். அதனால் ஒவ்வோர் அணியிலும் சிலர் தலைவிக்கு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். (நம் மொழியில் காற்று வாங்குவது ஓய்வு, அங்கே அது வேலை.) தண்ணீர் கொண்டுவந்து தருவதும், தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் இவர்கள் பொறுப்பு. பிரெஞ்சில் இவர்களுக்கு ‘டொமெஸ்டிக்’ என்று பெயர், வீட்டு வேலையாள். 1911இல் டூர் டி பிரான்ஸை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ச் ஒரு வீரரை இழிவுபடுத்தச் சொன்ன சொல். பிறகு அதுவே தொழிலின் பெயராக நிலைத்துவிட்டது.

இன்னொருத்தியின் வெற்றிக்காகத் தன் உடலைச் செலவழிப்பது இழிவா? பெண்ணியம் பேசும் நாம் சட்டென்று ஆம் என்றுவிடுவோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீராங்கனைக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அடுத்த பந்தயத்தில் முறை மாறலாம். பரிசுப் பணத்தை அணிக்குள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அடுக்களையில் நிற்பவளுக்கு இவற்றில் எது உண்டு? தியாகம் என்ற சொல் உண்டு. அந்தச் சொல்லைச் சூட்டிய பிறகு கணக்குக் கேட்பவள் அற்பமானவள் ஆகிவிடுவாள்.

1896இல் தொடங்கிய இந்தப் பந்தயம் பெண்களுக்கென முதன்முதலாக நடந்தது 2021 அக்டோபர் 2 அன்று. பிரிட்டனின் லிஸ்ஸி டெய்க்னன் அன்று தலைவி அல்ல. தலைவிகளைக் காக்க முன்வரிசையில் இருப்பதுதான் தன் வேலை, அணியில் தான் மூன்றாவது ஆள் என்று பின்னர் அவரே சொன்னார். முதல் கற்சாலையில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. இன்னும் 80 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. காத்திருக்காமல் போனார். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் பின்னால் வந்த தோழி எலிசா லோங்கோ போர்கினி துரத்தலுக்கு உழைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மூன்றாவதாக வந்தார். யாரும் அறிவிக்காமலே பணியாளும் தலைவியும் இடம் மாறியிருந்தார்கள். இதைத் துரோகம் என்று சொல்ல அந்த அணியில் ஒருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. வீட்டில் தோன்றியிருக்கும்.

கையுறை அணியாத உள்ளங்கைகளிலிருந்து கைப்பிடியில் ரத்தம் படிய, அவர் தனியாக வந்து வென்றார். பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் வென்ற சோனி கோல்பிரெல்லிக்கு 30,000. வித்தியாசத்தை டெய்க்னனின் அணியே தருவதாகச் சொன்னது. நல்ல மனசுதான், ஆனால் பந்தயத்தை நடத்தியவர்கள் பட்ட கடனைப் பெண்ணின் வீட்டார் அடைக்கிற கதை நமக்குப் புதிதில்லை.

ஆண்களின் தூரம் இரு மடங்குக்கும் அதிகம் என்பார்கள். சரி, அப்படியே கணக்குப் போடுவோம். ஆண்களுக்கு 257 கிலோமீட்டர்: கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 117 யூரோ. பெண்களுக்கு 116 கிலோமீட்டர்: ஏறத்தாழ 13. அந்த 116ஐ வகுத்ததும் ஓட்டிய பெண்கள் அல்லர்.