எட்டில் ஒரு பங்கா, நாலில் ஒரு பங்கா?

இங்கிலாந்தின் பிஸ்லியில் 1890 முதல் தொலைதூரத் துப்பாக்கிப் போட்டிகள் நடந்து வருகின்றன. ஆயிரம் கெஜம், அதாவது 914 மீட்டருக்கு அப்பால் இலக்கு நிற்கும். ஸ்கோப் பொருத்திச் சுடும் எஃப்-கிளாஸ் பிரிவில் அதன் நடுவட்டம் 5 அங்குலம்தான்.

ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் ஒவ்வொரு கிளிக்கும் குறியை ஒரு சிறு கோணம் நகர்த்தும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண நிமிடம். கால் நிமிடக் கிளிக் ஆயிரம் கெஜத்தில் 2.6 அங்குலம் நகர்த்தும். அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு நிமிடக் கிளிக் 1.3 அங்குலம். மில் என்ற இன்னொரு கோண அலகில், 0.1 மில் கிளிக் 3.6 அங்குலம். ஐந்து அங்குல வட்டத்துக்குள் 3.6 அங்குலத் தாவல் பெரிது. ஒரே தூரத்தில் நிதானமாகச் சுடும் எஃப்-கிளாஸ்காரர்கள் பலர் அரைக்காலைத் தேடுவது அதனால்தான்.

நிலைக்கு நிலை தூரம் மாறி, கடிகாரமும் துரத்தும் போட்டிகளில் நிலைமை வேறு. குறியை 30 நிமிடம் ஏற்ற அரைக்கால் கிளிக்கில் 240 தடவை திருக வேண்டும், 0.1 மில்லில் 87 போதும். அங்கே பெரும்பாலோர் மில்லையே எடுக்கிறார்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் அளவுக்கோடுகளும் அதே மில்லில் இருந்தால், தோட்டா விலகியதைக் கண்ணால் அளந்து அப்படியே திருகிவிடலாம். குமிழ் ஒரு கணக்கு, கோடு இன்னொரு கணக்கு என்றிருக்கும் ஸ்கோப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாக வாங்குபவர் மிக நுண்ணியதைத்தான் கேட்பார். ஆனால் மணிக்கு ஒரு மைல் குறுக்குக் காற்றைத் தவறாகக் கணித்தாலே .308 தோட்டா அந்தத் தூரத்தில் ஏறக்குறைய முக்கால் அடி விலகிவிடும். அது அரைக்கால் கிளிக்கில் ஏழு கிளிக். அவருடைய ஐந்து தோட்டாக்களும் அங்கே ஓரடிக்குப் பரவி விழுந்தால், 1.3 அங்குலத் திருத்தம் செய்ததே தெரியாது.

நுணுக்கத்துக்குக் கொடுக்கும் காசை, சொன்னபடி நகரும் குமிழுக்குக் கொடுக்கலாம். இதைச் சோதிப்பது எளிது. துப்பாக்கியை அசையாமல் இறுக்கி, 100 மீட்டரில் ஓர் அளவுகோலை நிறுத்தி, குமிழை 10 மில் திருகினால் குறி சரியாக 1 மீட்டர் நகர வேண்டும். திருப்பினால் பழைய புள்ளிக்கே வர வேண்டும். 98 சென்டிமீட்டர்தான் நகர்ந்தால் பிழை 2 சதவீதம். 30 நிமிட ஏற்றத்தில் அது ஆயிரம் கெஜத்தில் 6 அங்குலத்துக்கும் மேல். எந்தக் கிளிக்கைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் முதல் தோட்டா நடுவட்டத்துக்கு வெளியேதான் விழும்.