மடிப் பட்டும் கூட்டுப்புழுவும்

மடிக்குப் பட்டு உகந்தது என்பது பழைய ஆசாரம். ஆனால் அறுபடாத நீள இழைக்காகக் கூட்டுப்புழுவை ஆவியிலோ வெந்நீரிலோ கொன்றுவிடுகிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான். ஆசாரத்தின் உள்ளிருந்தே எழுந்த குரல் அது.

அந்துப்பூச்சி வெளியேறிய பின் நூலெடுக்கும் ‘அகிம்சைப் பட்டை’ ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜய்யா உருவாக்கினார். இழை அறுந்திருப்பதால் அதைப் பஞ்சுபோல நூற்கவேண்டும். பளபளப்பும் சற்றுக் குறைவு.

சரி, பீரோவில் ஏற்கெனவே இருக்கும் பாட்டியின் கூறைப்புடவையை என்ன செய்வது?

தூக்கி எறிவதால் எந்தப் புழுவும் மீளாது. பருத்தித் துணியில் சுற்றி, ஜரிகையில் அந்துருண்டை படாமல், சில மாதங்களுக்கொரு முறை மடிப்பை மாற்றி வைப்பதே நியாயம். பேத்தியும் அதையே உடுத்தினால், அவளுக்கென்று இன்னொரு கூடைக் கூடுகள் கொதிநீருக்குப் போகவேண்டியதில்லை.